பழைய அசெம்பிள் கம்ப்யூட்டரும் ஆஃப் லேபிள் மருந்தும்

1/ சுகர் மாத்திரை, காய்ச்சல் கேள்விகளுக்கு நடுவுல கொஞ்ச நாளா இன்பாக்ஸுக்கு வேற மாதிரி ஒரு கேள்வி நிறைய வருது. "டாக்டர், வீட்டுல ஒரு அசெம்பிள் சிஸ்டம் இருக்கு. நல்லாத்தான் ஓடுது. விண்டோஸ் 11 இதுக்கு வராதுன்னு காட்டுது. தூக்கிப் போட்டுடறதா?"

முன்னாடி ஒரு தடவை என் வீட்டு கம்ப்யூட்டரை நானே கழட்டி மாட்டின படத்தைப் போட்டிருந்தேன். அதோட விளைவு. ஆளாளுக்குத் தனியா பதில் போடறதுக்குப் பதிலா மொத்தமா ஒரே இழையா எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

2/ முதல்ல விஷயம் என்னன்னு பார்த்துடலாம். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். அதுக்கான வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு.

நிறுத்திட்டாங்கன்னா கம்ப்யூட்டர் அன்னைக்கே நின்னு போகாது. வழக்கம் போல ஆன் ஆகும், வழக்கம் போல ஓடும். ஆனா இனிமே கண்டுபிடிக்கப்படற ஓட்டைகளை அடைக்க கம்பெனியில் இருந்து ஆள் வராது. பிரஷர் மாத்திரையை நிறுத்தின பேஷண்ட் மாதிரி. "நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு சார், ஒண்ணும் ஆகலையே"ன்னு சொல்வாங்க. ஆகாத வரைக்கும் ஒண்ணும் ஆகாதுதான்.

3/ சரி, 11-க்குப் போயிடலாம்னா அது எல்லாரையும் உள்ளே விடாது. 2021 அக்டோபரில் வந்தப்பவே மூணு முக்கிய நிபந்தனை வெச்சாங்க. டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி இருக்கணும். செக்யூர் பூட் செய்யக்கூடிய யூஇஎஃப்ஐ பயாஸ் இருக்கணும். பிராசஸர் அவங்க பட்டியலில் இருக்கணும். தோராயமா சொன்னா இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு மேல, ஏஎம்டி-ல ரைசன் 2000 வரிசைக்கு மேல.

டிபிஎம்ங்கறது சாவிகளைப் பூட்டி வைக்கிற சின்ன லாக்கர். தனி சிப்பாவும் இருக்கலாம், பிராசஸருக்குள்ளேயே அடங்கியும் இருக்கலாம்.

4/ இந்த நிபந்தனையில அதிகம் குழம்பறது அசெம்பிள் சிஸ்டம் வெச்சிருக்கறவங்கதான். பிராண்டட் கம்ப்யூட்டர்னா மாடல் நம்பர் இருக்கும், போட்டுத் தேடினா பதில் கிடைச்சுடும். அசெம்பிள்ல போர்டு ஒரு கம்பெனி, ராம் ஒரு கம்பெனி, எஸ்எம்பிஎஸ் ஒரு கம்பெனி. மொத்தமா சேர்த்து "இதுக்கு நான் பொறுப்பு"ன்னு சொல்ல எந்தக் கம்பெனியும் கிடையாது. போட்டுக் கொடுத்த கடைக்காரர்தான் எல்லாம். அவரும் இப்ப சிசிடிவி மாட்டற வேலைக்குப் போயிருப்பார்.

5/ நம்ம ஊருக்கு இது புதுசில்ல. கோயம்புத்தூரே ஒரு அசெம்பிள் ஊருதான். இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரை 1937-ல ஜி.டி. நாயுடுவோட துணையோட டி. பாலசுந்தரம் நாயுடு இங்கேதான் செஞ்சார். அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செஞ்சு தர முடியும்னு 1941-லயே சொன்னவர் ஜி.டி. நாயுடு.

அவங்க வழியில வந்த பவுண்டரிக்காரங்க, லேத்துக்காரங்க, பம்பு செட்டுக்காரங்க ஊரு இது. "கம்பெனியில வராதுன்னு சொல்லிட்டாங்க"ன்னா இங்க யாரும் அத்தோட விடறதில்ல. "கொண்டா, கழட்டிப் பார்க்கலாம்"ங்கறதுதான் அடுத்த வார்த்தை. அந்தப் புத்தி எனக்கும் உண்டு. அதனாலதான் இதுல எங்க நிறுத்தணும்ங்கறதையும் எழுத வேண்டியிருக்கு.

6/ எங்க மாமா கதையைச் சொல்றேன். சோமனூர் பக்கம் விசைத்தறி வெச்சிருக்கார். கூலிக்கு ஓட்டறார். வியாபாரி பாவும் நூலும் கொடுப்பார், இவர் நெய்து துணியாக் கொடுத்துட்டு மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார். 2014-ல ஒரு அசெம்பிள் சிஸ்டம் வாங்கினார். நாலாம் தலைமுறை ஐ5. டேலி, ஜிஎஸ்டி, பேங்க் வேலை எல்லாம் அதுலதான்.

போன மாசம் போன் பண்ணினார். "மாப்ளே, கடைக்காரன் புதுசு வாங்கோணும்ங்கறான். நாப்பத்தஞ்சாயிரமாமா. தறிக்கு உதிரி வாங்கவே யோசிச்சுட்டு இருக்கறேன், இதுக்கு எங்க போறது? நீயே வந்து பதினொண்ணை எப்படியாச்சும் ஏத்தி உட்டுரு கண்ணு."

"சரிங்க மாமா, வர்றேன். வந்து பார்த்துட்டு சொல்றேன்"னேன்.

7/ ஏத்த முடியுமா? முடியும். ரூஃபஸ்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல விண்டோஸ் 11 பென்டிரைவ் தயார் பண்ணும்போதே டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளைத் தூக்கிடலாம். அரை மணி நேர வேலை. நாலாம் தலைமுறை ஐ5-ல 11 ஓடவும் செய்யும்.

இதுலயும் தாண்ட முடியாத எல்லை ஒண்ணு இருக்கு. 24ஹெச்2 பதிப்பில் இருந்து பிராசஸருக்குள்ள எஸ்எஸ்இ 4.2ங்கற கட்டளைத் தொகுதி இருந்தே ஆகணும். பழைய கோர் 2 டியோக்களில் அது இல்ல, அதனால பூட்டே ஆகாது. அங்க எந்த டிரிக்கும் நடக்காது.

மருத்துவத்துல தடைகளை ரெண்டாப் பிரிப்போம். சில தடைகள் "யோசிச்சு, பார்த்துக் கொடு" ரகம். சிலது "கொடுக்கவே கூடாது" ரகம். டிபிஎம் இல்லாதது முதல் ரகம். எஸ்எஸ்இ 4.2 இல்லாதது ரெண்டாவது ரகம்.

8/ இங்கதான் ஆஃப் லேபிள்ங்கற விஷயத்தைச் சொல்லணும். ஒரு மருந்தை எந்த நோய்க்குன்னு அனுமதி வாங்கினாங்களோ, அதுக்கு வெளியே கொடுக்கறதுக்கு அந்தப் பேரு. ஏமாத்து வேலை இல்ல, தினமும் நடக்கறதுதான். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்காக வந்த மாத்திரை. அதையே சின்ன அளவில், சுகரால நரம்பு பாதிச்சு ராத்திரியெல்லாம் கால் எரியுதுன்னு வர்றவங்களுக்குக் கொடுக்கறோம். அப்படிக் கொடுத்த வாரமே நிம்மதியா தூங்கினேன்னு சொன்னவங்க நிறைய.

ஆனா ஆஃப் லேபிள் கொடுக்கற டாக்டர் மூணு கேள்வி கேட்டுக்கணும். இதைவிட நல்ல வழி இருக்கா? பேஷண்டுக்கு விஷயத்தைப் புரியற மாதிரி சொல்லியாச்சா? கொடுத்த பிறகு தொடர்ந்து பார்க்கப் போறது யாரு?

9/ மூணாவது கேள்விதான் என்னை மாமா வீட்டுல நிறுத்துச்சு.

சப்போர்ட் இல்லாத மெஷின்ல 11 போட்டா மைக்ரோசாஃப்ட் என்ன சொல்லுது? அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு சொல்லுது. நடைமுறையில மாதாந்திர பாதுகாப்பு அப்டேட் வந்துட்டுதான் இருக்கு. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பெரிய பதிப்பு தானா வராது. ஒவ்வொரு வருஷமும் யாராவது உட்கார்ந்து மறுபடி அதே குறுக்கு வழியில ஏத்தணும். அப்படி ஏத்தாம விட்டா அந்தப் பதிப்போட காலம் முடிஞ்சதும் மறுபடி இதே நிலைமைதான்.

கம்பெனி சப்போர்ட் இல்லாத இடத்துல அந்த சப்போர்ட் யாருன்னா, அதை இன்ஸ்டால் பண்ணினவன். அதாவது நான். நான் 24 மணி நேர டியூட்டியில இருப்பேன். எப்ப எந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர்னு எனக்கே தெரியாது. ஜிஎஸ்டி கடைசித் தேதி அன்னைக்கு அது பூட் ஆகலைன்னா மாமா யாரைக் கூப்பிடுவார்?

10/ மாமாவோட தறிகள் எதுவும் அவர் புதுசா வாங்கினது இல்ல. எல்லாமே செகண்ட் ஹேண்ட். எந்தக் கம்பெனியும் அதுக்கு சப்போர்ட் கிடையாது. ஆனா ஓடுது. ஏன்னா கூப்பிட்டா பத்து நிமிஷத்துல ஸ்பேனரோட வர்ற ஃபிட்டர் அந்தத் தெருவுலயே இருக்கார். அவர் இருக்கற வரைக்கும் அது சப்போர்ட் உள்ள மெஷின்தான்.

கம்ப்யூட்டருக்கும் இதே கணக்குதான். "சப்போர்ட் இருக்கா"ன்னு ஸ்டிக்கரைப் பார்த்துக் கேட்காதீங்க. கெட்டுப் போற அன்னைக்கு யார் வருவாங்கன்னு கேளுங்க.

11/ "ஒரு தறிக்காரர் கம்ப்யூட்டரை எவன் வந்து ஹேக் பண்ணப் போறான்"னு கேட்கலாம். மாமாவும் கேட்டார். ரான்சம்வேர் ஆள் பார்த்து வர்றதில்ல, ஓட்டை பார்த்து வருது. கொசு அட்ரஸ் கேட்டுட்டா கடிக்குது?

2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை உலகம் பூரா பரவினப்ப இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட் ரத்தாச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற பேட்சை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடியே, மார்ச்சிலேயே கொடுத்துடுச்சு. அங்க பாதிக்கப்பட்டதில் பெரும்பாலானவை அப்போ சப்போர்ட்ல இருந்த விண்டோஸ் 7 மெஷின்கள்தான். யாரும் பேட்ச் போடல, அவ்வளவுதான். தடுப்பூசி ஃப்ரிட்ஜில் இருந்தது, குழந்தைக்குப் போடல.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர் வந்தப்ப சர்வர்கள் முடங்கி, ரெண்டு வாரம் போல ஓபி சீட்டுல இருந்து லேப் ரிப்போர்ட் வரைக்கும் பேப்பர்ல எழுதினாங்க. அங்கேயாவது எழுத ஆள் இருந்தாங்க. மாமா வீட்டுல இருக்கறது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்.

12/ அந்த ஒரு டிஸ்க்தான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. எந்த வியாபாரி எத்தனை மீட்டருக்குக் கூலி பாக்கி, யார்கிட்ட எவ்வளவு அட்வான்ஸ், பதினோரு வருஷக் கணக்கு முழுக்க அதுக்குள்ள. பேக்கப் கிடையாது. 11-ஆ 10-ஆங்கற பேச்சுக்கு முன்னாடியே அந்த டிஸ்க் எந்த நாளும் போகலாம். போச்சுன்னா, பாக்கி வெச்சிருக்கற வியாபாரி "எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே"ன்னு சொன்னா, காட்ட மாமா கையில ஒண்ணும் இருக்காது.

கேஷுவாலிட்டிக்கு அடிபட்டு வர்றவங்களுக்கு முதல்ல மூச்சுப்பாதை, அப்புறம் சுவாசம், அப்புறம் ரத்த ஓட்டம். உடைஞ்ச விரலை யாரும் முதல்ல பார்க்கறதில்ல. அன்னைக்கு நான் செஞ்ச முதல் வேலை, ரெண்டு வெளி டிஸ்குல டேலி டேட்டாவை காப்பி எடுத்தது. ஒண்ணு மாமா பீரோவுல, இன்னொண்ணு எங்க வீட்டுல. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

13/ அடுத்தது அவகாசம். விண்டோஸ் 10-க்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரைக்கும், கூடுதல் பாதுகாப்பு அப்டேட் வாங்க வீட்டு உபயோகக்காரங்களுக்கு ஒரு திட்டம் இருக்கு. பேரு இஎஸ்யூ. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல உள்ளே போய் செட்டிங்ஸை சிங்க் பண்ணினா இலவசம். இல்லைன்னா 30 டாலர் கட்டணம். சிஸ்டம் 22ஹெச்2 பதிப்பில் இருக்கணும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே "என்ரோல் நவ்"னு வரும்.

இதைச் செஞ்சதும் அவசரம் போயிடுச்சு. நாப்பத்தஞ்சாயிரத்தை இந்த மாசமே புரட்ட வேண்டியதில்ல. ஆனா இது ட்ரிப்ஸ் மாதிரி. ட்ரிப்ஸ் ஏத்தறது ஆபரேஷனுக்குத் தயார் பண்ணத்தான், ஆபரேஷனுக்கு பதிலா இல்ல.

14/ "அப்ப மாமாவுக்குக் கடைசியா என்ன சொன்னே?"

கணக்குப் பார்க்கற மெஷினுக்கு ஆஃப் லேபிள் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏன்னா அங்க வேற நல்ல வழி இருக்கு. ஆபீஸ்களில் இருந்து கழிச்சுக் கட்டற எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப்புகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்குது. புதுசு விலையில பாதிக்கும் கீழ. அதுல விண்டோஸ் 11 முறைப்படி வரும், அப்டேட் தானா வரும், நான் எந்த ஊர்ல இருந்தாலும் ஓடும். ஆடி வரைக்கும் பொறுத்து வாங்கிக்கலாம்னு முடிவு.

மாமாவுக்கு இதுல கொஞ்சம் வருத்தம்தான். "டாக்டருக்குப் படிச்சவன், இதைச் சரி பண்ண முடியலையா"ன்னு ஒரு பார்வை பார்த்தார். முடியாதுன்னு இல்லீங்க மாமா, பண்ணக்கூடாதுன்னுதான் சொல்றேன்னேன்.

15/ பழைய ஐ5-ஐ வீசப் போறதில்ல. பிளஸ் ஒன் படிக்கற மாமா பொண்ணுக்குப் போகுது. அதுல லினக்ஸ் மின்ட் 22 போட்டுக் கொடுக்கறதா பேச்சு. இதுக்கு டிபிஎம் கேள்வியே கிடையாது, 4 ஜிபி ராம் இருந்தா போதும், 2029 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் உண்டு, காசு கிடையாது. வீடியோ பாடம், நோட்ஸ், பிரவுசர், தமிழ்99 தட்டச்சு எல்லாம் நடக்கும்.

இன்ஸ்டால் பண்ணாமலேயே பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம்ங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஊசி போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் டோஸ் மாதிரி. வைஃபை வருதா, சவுண்டு வருதா, பிரிண்டர் வருதான்னு பார்த்துட்டு, ஒத்துக்கிட்டா போடலாம். அன்னைக்கே ஓட்டிக் காட்டினேன். பத்து நிமிஷத்துல அந்தப் பொண்ணு என்னைவிட வேகமா மெனுவைத் தேட ஆரம்பிச்சுடுச்சு.

16/ லினக்ஸ்னதும் பயப்படறவங்களுக்கு. நம்ம எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே சூஸே லினக்ஸுக்கு மாறின கதை உண்டு. 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல விண்டோஸோட சேர்த்து, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் வந்தது. உங்க வீட்டு அலமாரியிலயே ஒண்ணு கிடக்கலாம். வாளையாறு தாண்டினா கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைங்க லினக்ஸில்தான் ஐடி பாடமே படிக்கறாங்க. நம்ம பிள்ளைங்களால முடியாதா என்ன?

ஒரே ஒரு எச்சரிக்கை. டேலி லினக்ஸுக்கு நேரடியா வராது. பழைய எழுத்துரு மென்பொருட்கள், சில ஸ்கேனர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோங்கிள் இதெல்லாம் தகராறு பண்ணலாம். தொழில் இதுமேல நடக்குதுன்னா முதல்ல சோதிச்சுப் பாருங்க.

17/ "அப்ப உங்க வீட்டு சிஸ்டம்?" என்னுது 2017-ல நானே அசெம்பிள் பண்ணின ரைசன் 1600. டிபிஎம் இருக்கு, செக்யூர் பூட் இருக்கு. பிராசஸர் மட்டும் பட்டியலில் இல்ல. அதுல விண்டோஸ் 11-ஐ குறுக்கு வழியிலதான் போட்டிருக்கேன். வருஷா வருஷம் நானே உட்கார்ந்து ஏத்தறேன். அது நின்னு போனா எனக்குப் போறது ஒரு ஞாயித்துக்கிழமை, அவ்வளவுதான். டாக்டரும் நான்தான், பேஷண்டும் நான்தான், ஃபாலோ அப்பும் நான்தான். அந்த மூணு கேள்விக்கும் பதில் இருக்கு.

உங்களுக்கும் இதே மாதிரி முதல் தலைமுறை ரைசன்னா இன்னொரு வழி இருக்கு. அந்தக் காலத்து ஏஎம்4 போர்டுகள் பலதும் பயாஸ் அப்டேட் பண்ணினா ரைசன் 3000 வரிசையை ஏத்துக்கும். செகண்ட் ஹேண்டில் பிராசஸரை மட்டும் மாத்தினா முறைப்படி சப்போர்ட்டுக்குள்ள வந்துடலாம்.

18/ ஹாஸ்டல் காலத்துல ஹாக்கின்டாஷ்னு ஒரு பைத்தியம் எங்க பிளாக்ல ஓடுச்சு. ஆப்பிள் 2006-ல இன்டெல் சிப்புக்கு மாறினதும், அதோட மேக் ஓஎஸ்ஸை சாதாரண அசெம்பிள் சிஸ்டத்துல ஏத்தற வித்தையை உலகம் பூரா பசங்க கத்துக்கிட்டாங்க. எங்க சீனியர் ஒருத்தர் ஸ்னோ லெப்பர்டை ஓட விட்டப்ப ரூமுக்கு வெளியே கூட்டம் நின்னுச்சு. சவுண்டு மட்டும் வரல.

ஆப்பிளோட லைசென்ஸ் அதுக்கு இடம் கொடுக்கல. அப்படிப்பட்ட சிஸ்டங்களைக் கடை போட்டு வித்த சைஸ்டார்ங்கற அமெரிக்க கம்பெனி 2009-ல கோர்ட்ல தோத்துச்சு. 2020-ல ஆப்பிள் தன்னோட சொந்த சிப்புக்கு மாறுச்சு. இன்டெல் மேக்குக்கு டஹோதான் கடைசிப் பதிப்புன்னு 2025 ஜூனில் சொல்லியாச்சு. அத்தோட அந்த வாசலும் மூடுது.

கம்பெனி அனுமதிக்காத வழியில ஓடற எதுவும் கம்பெனியோட அடுத்த முடிவு வரைக்கும்தான். விளையாட அது போதும், பிழைப்புக்குப் போதாது.

19/ நீங்க கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே பார்க்க வேண்டியவை:

அ) மைக்ரோசாஃப்டோட "பிசி ஹெல்த் செக்" ஓட்டிப் பாருங்க. எது இல்லைன்னு தெளிவா சொல்லும்.

ஆ) எட்டாம் தலைமுறைக்கு மேல இருந்தும் "டிபிஎம் இல்லை"ன்னு வந்தா பெரும்பாலும் பயாஸில் அணைச்சு வெச்சிருக்கும். இன்டெல் போர்டுல பிடிடி, ஏஎம்டி போர்டுல எஃப்டிபிஎம்ங்கற பேர்ல இருக்கும். ஆன் பண்ணினா சரியாகிடும். இதுக்குப் போய் புதுசு வாங்கினவங்க இருக்காங்க.

இ) அசெம்பிள் சிஸ்டங்களில் விண்டோஸ் பழைய லெகஸி முறையில போட்டிருக்கலாம். அப்போ டிஸ்க் எம்பிஆர் வகையில இருக்கும். அதை ஜிபிடி-க்கு மாத்தாம பயாஸில் மட்டும் யூஇஎஃப்ஐ-னு மாத்தினா பூட் ஆகாது. மாத்தற கருவி விண்டோஸ் 10-லயே இருக்கு. தெரிஞ்சவங்களை வெச்சு செய்யுங்க.

ஈ) டிஸ்கை பிட்லாக்கர் பூட்டியிருந்தா பயாஸில் கை வைக்கறதுக்கு முன்னாடி ரெகவரி கீயை எழுதி வைங்க.

உ) எல்லாத்துக்கும் முன்னாடி பேக்கப். ரெண்டு காப்பி, ஒண்ணு வேற வீட்டுல.

20/ கடைசியா ஒண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம். "எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தர்றோம்"னு கிராக் பண்ணின விண்டோஸும் ஆக்டிவேட்டரும் போட்டு வாங்காதீங்க. ஆன்டிவைரஸை அணைச்சுட்டு இதை ஓட்டுன்னு ஒரு மென்பொருள் கேட்டா, காவல்காரனை வெளியே அனுப்பிட்டு கதவைத் திறன்னு கேட்கற மாதிரி. சப்போர்ட் இல்லாத மெஷின்ல ஒரிஜினல் 11 போடறது ஆஃப் லேபிள். இது டிகிரி இல்லாதவர்கிட்ட ஊசி போட்டுக்கறது. ரெண்டும் ஒண்ணில்ல.

21/ சுருக்கமா. காசும் கணக்கும் இருக்கற மெஷினா? சப்போர்ட் உள்ளதுக்கு மாறுங்க, அதுவரைக்கும் இஎஸ்யூ. படிக்க, பார்க்க, எழுத மட்டுமா? லினக்ஸ் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டுங்க. நீங்களே கழட்டி மாட்டற ஆளா? தாராளமா 11-ஐ ஏத்துங்க, ஆனா உங்க மெஷின்ல மட்டும். அடுத்தவங்க மெஷின்ல ஏத்தினா, அது நின்னு போற அன்னைக்கு நீங்க அங்க இருக்கணும்.

நல்லா ஓடற ஒரு மெஷினை ஒரு தேதியைச் சொல்லிக் குப்பையில போட வேண்டியதில்ல. அந்தத் தேதியை மதிக்காம பிழைப்பை அது மேல வைக்கவும் வேண்டியதில்ல.

சந்தேகம் இருந்தா கமென்ட்ல போர்டு பேரையும் பிராசஸர் பேரையும் போட்டுக் கேளுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து பதில் போடறேன். அதுக்குள்ள எல்லாரும் ஒரு பேக்கப் எடுத்துடுங்க.